கனம் குறைந்த ஸ்கோப்

“கனம் இல்லாத ஸ்கோப்பா ஒண்ணு வேணும் டீச்சர்,” என்றார் ஒச்சப்பன். “மழையில மூடக்கூடாது. கீழ விழுந்தாலும் ஒண்ணும் ஆகக்கூடாது. தூரத்துல இருக்கிறது பக்கத்துல தெரியணும்.”

“வேற?” என்றாள் ஜெபக்கனி.

“அம்புட்டுத்தான்.”

“நல்லாத்தான் கேட்டீங்க. இதெல்லாம் ஒண்ணா இருக்கிற ஸ்கோப்பை நானும் பதினஞ்சு வருஷமாத் தேடிக்கிட்டிருக்கேன்.”

தூரக்கண்ணாடி பூட்டிய துப்பாக்கியை அவர் கையிலிருந்து வாங்கி மேசைமேல் வைத்தாள்.

ஜெபக்கனிக்கு முப்பத்தெட்டு வயது. ஒரு காலத்தில் போட்டிகளில் சுட்டு மெடல் வாங்கியவள். இப்போது இந்த ஏலமலையில் துப்பாக்கி பழுது பார்க்கிறாள். நாலு வருஷத்துக்கு முன்னால், தோட்டங்களைக் காட்டுப்பன்றி அழிக்கிறது என்று சுட அனுமதி வந்தபோது, லைசென்ஸ் வைத்திருந்த பதினோரு தோட்டக்காரர்களுக்கும் ஒழுங்காகச் சுடக் கற்றுக்கொடுத்தவள் அவள்தான்.

அந்தப் பதினோரு சீடர்களில் மூத்தவர் ஒச்சப்பன். வயது அறுபத்தொன்று. மகள் வயசுக்காரி முன்னால் போய்க் கைகட்டி நிற்கிறாரே என்று கடைத்தெருவில் கேலி பேசினார்கள். பேசினால் பேசிவிட்டுப் போகட்டும். தெரியாததைத் தெரிந்தவர்களிடம்தானே கேட்க முடியும்.

ஆனால் ஒன்று. அவர் ஸ்கோப் கேட்டது பன்றிக்காக இல்லை. அதை டீச்சரிடம் சொல்லவில்லை. யாரிடமுமே சொன்னதில்லை.

அவருடைய தோட்டத்து மேட்டில் நின்றால் எதிர்மலை தெரியும். எதிர்மலையில் நீலத் தகரம் போட்ட ஒரு வீடு. அந்த வீட்டில் அவருடைய ஒரே மகள் பாண்டிமீனா இருக்கிறாள்.

ஏழு வருஷத்துக்கு முன்னால் தனக்குப் பிடித்தவனைக் கட்டிக்கொண்டு போனவள். அன்றைக்கு ஒச்சப்பன் ஊர் பார்க்க ஓடையில் இறங்கித் தலை முழுகினார். ஈரம் சொட்டச் சொட்டக் கரையில் நின்று, “எனக்கு மக இல்ல. அந்த மலையில எங்காலு படாது,” என்றார்.

ஊர் கேட்டுக்கொண்டது. அவரும் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். கால் அந்தப் பக்கம் போகவில்லை. கண் மட்டும் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை.

ஜெபக்கனி பெட்டியைத் திறந்து ஒரு ஸ்கோப்பை எடுத்தாள்.

“இது யானை மிதிச்சாலும் உடையாது. ஆனா கனம்.”

“வேணாம்.”

“இது லேசு. ஆனா ஈரம் பட்டா உள்ள பனி படிஞ்ச மாதிரி மூடிரும்.”

“ஐயய்யோ, அது வேணவே வேணாம். நம்ம மலையில ஆறு மாசம் மழை. ஆறு மாசமும் நான் என்னத்தப் பாக்குறது?”

“இதைப் பிடிச்சுப் பாருங்க,” என்று மூன்றாவதை நீட்டினாள். “கனமும் இல்லை, மழைக்கும் மூடாது. பன்றி வந்திருக்குன்னு வச்சுக்குங்க. பாருங்க.”

ஒச்சப்பன் அதைக் கண்ணில் வைத்து ஜன்னல் பக்கம் திரும்பினார். தூரத்து மலைச் சரிவில் ஒரு மாடு மேய்ந்தது. அதன் கழுத்துக் கயிறுகூடத் தெரிந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றார். மாடு நகர்ந்தது. அவரும் கூடவே நகர்ந்தார். மாடு படுத்தது. அவர் கண்ணை எடுக்கவில்லை.

“ஐயா.”

“ம்.”

“பன்றி போயி பத்து நிமிஷமாச்சு.”

ஒச்சப்பன் ஸ்கோப்பைச் சட்டென்று கீழே இறக்கினார்.

“கனம் வேணாம்னீங்களே, பழசைத் தூக்கினா எங்க வலிக்குது?”

“தோள்ல. முழங்கையில.”

“பன்றி எவ்வளவு நேரம் நிக்கும்?”

“நாலு மூச்சு விடுற நேரம்.”

“நாலு மூச்சுக்குத் தோள் வலிக்குமா?”

அவர் தோளைத் தடவிக்கொண்டார்.

“இந்த வருஷம் எத்தனை பன்றி சுட்டீங்க?”

“ஒண்ணும் படலை.”

“தோட்டம்?”

“ரெண்டு ஏக்கரைக் கிண்டிப் போட்டுருச்சு.”

பொய் சொல்லவும் தெரியாத மனுஷன். அவர் மேட்டில் எதிர்மலையைப் பார்த்து நிற்பார். முதுகுக்குப் பின்னால் பன்றிகள் குடும்பத்தோடு வந்து விருந்து சாப்பிட்டுப் போகும். உறுமல் காதில் விழும். ஒரு நாளும் அவர் திரும்பியதில்லை.

ஜெபக்கனி அவருடைய பழைய ஸ்கோப்பைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தாள்.

“பன்றி வர்றது அம்பது மீட்டர். உங்க தூர வளையம் நானூத்தம்பதுல நிக்குது. நின்ன இடத்துலயே இறுகிப்போச்சு.”

“ம்.”

“கண்ணு வைக்கிற ரப்பர்ல வெள்ளையா என்னமோ படிஞ்சிருக்கு.”

“வேர்வையா இருக்கும்.”

“கார்த்திகைக் குளிருலயா?”

நகத்தால் மெல்லச் சுரண்டினாள். உப்பு. துணியால் துடைத்துவிட்டு மேசைமேல் வைத்தாள். அதற்குமேல் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கேட்டிருந்தால் ஒச்சப்பன் எதையாவது சொல்லிச் சமாளித்திருப்பார். கேட்காமல் விட்டதுதான் தாங்க முடியவில்லை.

“எம்மக டீச்சர்,” என்றார்.

பிறகு எல்லாம் வந்தது.

“காலையில ஏழு மணிக்கு வெளிய வருவா. துணி காயப்போடுவா. அவ அம்மா மாதிரியே நாலு உதறு உதறித்தான் கொடியில போடுவா. புள்ள பொறந்ததையே நான் இதுல பாத்துத்தான் தெரிஞ்சுக்கிட்டேன். ஆணா பொண்ணான்னு தெரியவே ஒரு வருஷம் ஆச்சு. காதுல என்னமோ மினுங்குச்சு, அப்பத்தான் பொண்ணுன்னு புரிஞ்சுது. அது தவழ்ந்ததைப் பாத்தேன். நடை பழகினதைப் பாத்தேன். ஒருநாள் தடுக்கி விழுந்துச்சு. நான் இங்கிருந்து கையை நீட்டிட்டேன். துப்பாக்கி பாறையில விழுந்துருச்சு.”

“பேரு என்ன?”

“யாருக்குத் தெரியும்? மீனா வாயி அசையுறது தெரியுது. என்ன பேரு சொல்லிக் கூப்பிடுறான்னு கேக்குமா? நானா ஒரு பேரு வச்சுக்கிட்டேன். செவனம்மா. செத்துப்போன எம்பொண்டாட்டி பேரு.” மூக்கை உறிஞ்சினார். “ஏங்கிப்போயிக் கெடக்கேன் டீச்சர். ஒருதரம் அதைத் தூக்கிப் பாக்கணும். எம்புட்டுக் கனம் இருக்கும்னு தெரியணும். வேற ஒண்ணும் வேணாம்.”

“பாக்கத்தானே வேணும்? பைனாகுலர் வாங்கியிருக்கலாமே?”

“நல்லாச் சொன்னீங்க போங்க. பைனாகுலரோட நின்னா, தலை முழுகின மகளை எட்டிப் பாக்குறான்னு தோட்டத்து ஆளுக சிரிப்பாங்க. துப்பாக்கியோட நின்னா, பன்றிக்கு நிக்கிறான்னு போயிருவாங்க.”

ஜெபக்கனி தலையை ஆட்டினாள்.

“சரி, இத்தனை நாளும் இதுலதானே பாத்தீங்க? இப்ப எதுக்குப் புது ஸ்கோப்?”

“ரெண்டு மாசமா அவ வெளியவே வர்றதில்ல. முன்வாசலை மறைச்சுத் தார்ப்பாய் கட்டிட்டா. புள்ளையையும் விடுறதில்ல. துணியும் பின்பக்கம்தான் காயுதுபோல. வாடைக்குக் கட்டியிருப்பா. ஓரத்துல கையகலம் சந்து இருக்கு. நல்ல கண்ணாடியா இருந்தா அதுக்குள்ள பாத்துரலாம். அதான் வந்தேன்.”

“தார்ப்பாய் கட்டுறதுக்கு முன்னால என்ன நடந்துச்சு?”

ஒச்சப்பனின் முகம் மலர்ந்தது. இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவர் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“அவ என்னையப் பாத்தா டீச்சர். நல்ல வெயில். புள்ளை வாசல்ல வெளையாடுது. இவ துணியை உதறினவ அப்படியே நின்னா. நெத்தியில கைய வச்சு நேரா என்னையப் பாத்தா. எனக்கு நெஞ்சே நின்னுபோச்சு. அப்பன் நிக்கிறது தெரிஞ்சிருச்சுன்னு நெனச்சேன். உடனே புள்ளையை வாரித் தூக்கிக்கிட்டு உள்ள ஓடினா. புருசனைக் கூட்டியாந்து காட்டத்தான் ஓடுறான்னு நெனச்சு, மத்தியானம் வரைக்கும் அங்கனயே நின்னேன்.”

“வந்தாளா?”

“வரலை. அடுப்புல வேலையா இருந்திருக்கும்.”

ஜெபக்கனி எழுந்தாள். கொஞ்ச நேரம் ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். பிறகு அந்த மூன்றாவது ஸ்கோப்பை எடுத்து அவருடைய துப்பாக்கியில் பூட்டினாள். திருகுகளை ஒவ்வொன்றாக இறுக்கினாள்.

“உங்களுக்கு இதுதான் சரி,” என்றாள். “தூக்கிப் பாருங்க.”

தூக்கிப் பார்த்தார். பழையதைவிட ஒரு கொய்யாப்பழ எடை குறைந்த மாதிரி இருந்தது. சந்தோஷமாகிவிட்டது.

“எப்படித் தெரியுதுன்னு ஒரு தடவை பாத்துருவோம்,” என்று துப்பாக்கியைத் திரும்ப வாங்கினாள். தோட்டா இல்லையென்று உறுதி செய்தாள். பிறகு பின்பக்கத்து இரும்புத் தாழை உருவி எடுத்தாள். போல்ட் என்பார்கள். அது இல்லாவிட்டால் துப்பாக்கி வெறும் குழாய்.

போல்ட்டை அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

“இது இல்லாம வெடிக்குமா?”

“எப்படி வெடிக்கும்?”

“கையிலேயே வச்சுக்குங்க. மண்மேட்டுக்கிட்ட போய் நில்லுங்க.”

வீட்டுக்குப் பின்னால், குறி பார்த்துப் பழகுவதற்காக அவள் வெட்டவெளியின் கடைசியில் மண்ணைக் குவித்து ஒரு மேடு போட்டிருந்தாள். நூறு தப்படி தூரம். வழக்கமாக அங்கே காகிதம்தான் தொங்கும்.

“நானா?” என்றார்.

“மனுஷ முகம் தெரியிற ஸ்கோப்தானே கேட்டீங்க?”

அதுவும் சரிதான் என்று நடந்தார். மேட்டுக்கு முன்னால் போய் நின்று, சட்டைக் காலரைச் சரி செய்துகொண்டு, போட்டோவுக்கு நிற்பவர் மாதிரி திரும்பினார்.

ஜெபக்கனி துப்பாக்கியைத் தோளில் ஏற்றினாள்.

ஒச்சப்பனுக்கு அவள் முகம் தெரியவில்லை. முகம் இருந்த இடத்தில் வெயில் பட்டு வட்டமாக ஏதோ பளிச்சென்று மின்னியது. அதற்குக் கீழே கறுப்பாக ஒரு துளை. அது அவரையே பார்த்தது.

போல்ட் என் கையில் இருக்கிறது என்று சொல்லிக்கொண்டார். தோட்டாவும் இல்லை. டீச்சருக்கு என்மேல் என்ன கோபம்? ஒன்றுமில்லை. என்மேல் மரியாதை வைத்திருப்பவள்.

போல்ட்டை இறுக்கிப் பிடித்தார்.

“நல்லாத் தெரியுதுய்யா,” என்று அங்கிருந்து சத்தம் போட்டாள். “மீசை நரை தெரியுது. வெத்தலைக் கறைகூடத் தெரியுது.”

சிரித்துக்கொண்டு சொன்னாளோ என்னவோ. அவர் நின்ற இடத்திலிருந்து சிரிப்பு தெரியவில்லை. துளைதான் தெரிந்தது.

அவர் இடப்பக்கம் ஓர் அடி நகர்ந்தார். துளையும் கூடவே நகர்ந்தது. வலப்பக்கம் வந்தார். அதுவும் வந்தது.

அதற்குமேல் அவருக்கு எதுவும் ஞாபகம் இல்லை. ஞாபகம் வந்தபோது மண்மேட்டுக்குப் பின்னால் குந்தியிருந்தார். வாயில் மண் கரித்தது.

“ஏன்யா ஒளிஞ்சுக்கிட்டீங்க?” என்று கேட்டாள். “போல்ட்டு உங்க கையிலதானே இருக்கு?”

ஒச்சப்பன் கையை விரித்துப் பார்த்தார். இருந்தது. இறுக்கிப் பிடித்ததில் உள்ளங்கையில் அச்சு விழுந்திருந்தது.

அதையே பார்த்துக்கொண்டு இருந்தார். பார்க்கப் பார்க்க அவருக்குள் எதுவோ இடிந்தது. வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். பொத்திய கையையும் மீறிச் சத்தம் வந்தது.

ஜெபக்கனி கூப்பிடவில்லை. தேடியும் போகவில்லை.

அவர் திரும்பி வர வெகுநேரம் ஆயிற்று. போல்ட்டை மேசைமேல் வைத்தார். துப்பாக்கியைத் தொடவில்லை.

“எம்மக கையில போல்ட்டு இல்லையே டீச்சர்,” என்றார்.

ஜெபக்கனி துப்பாக்கியை எடுத்து இரும்பு பீரோவில் வைத்துப் பூட்டினாள்.

ஒச்சப்பன் வாசலில் இறங்கி நின்றார். எதிர்மலைப் பாதை பள்ளத்தில் இறங்கி, ஓடையைத் தாண்டி, அந்தப் பக்கம் ஏறுகிறது. ஏழு வருஷமாக அவர் மிதிக்காத பாதை.

“நான் போனா கதவைத் திறப்பாளா?”

“தெரியாதுய்யா.”

“புள்ளை பயப்படுமே.”

“படும்.”

நாலு வருஷமாகத் துப்பாக்கி பிடித்துப் பழகிய கைகள். பின்னால் கட்டினார், அவிழ்த்தார், தொங்கவிட்டார், திரும்பக் கட்டினார்.

“இந்தக் கையை என்ன பண்றதுன்னே தெரியலை டீச்சர்.”

“ரெண்டையும் அவ கண்ணுல படுற மாதிரி வச்சுக்கிட்டு ஏறுங்க,” என்றாள் ஜெபக்கனி.