பக்கெட் வைக்க யாருக்குத் தகுதி?

நாகர்கோவிலில் ஒரு மாடியில் கம்ப்யூட்டர் கம்பெனி. முதலாளி ஞானசிகாமணி. வேலைக்குத் தாணு, கோலப்பன், ஜெபசிங் என்று மூணு பேர். மூணு பேர் மூளையையும் சேர்த்தால் ஒரு ஆளுக்குக்கூடக் காணாது. ஆனால் சொன்ன சொல்லை மீறாத பிள்ளைகள், அதில் குறையே சொல்ல முடியாது.

ஒரு நூல் மில்லின் பெரிய வேலை வருவதாக இருந்தது. "திங்கட்கிழமை பதினொரு மணிக்கு வருவேன். சர்வர் ஓடணும். அதைத் தொடுறவங்க எல்லாரும் சர்டிபிகேட் வாங்கியிருக்கணும்" என்றார் மில் மேனேஜர்.

அந்த வேலை வந்தால்தான் தாணுவுக்கு வேலை நிரந்தரம். வேலை நிரந்தரமானால்தான் பொண்ணு என்று வருங்கால மாமனார் கறாராகச் சொல்லிவிட்டார். பாவம், தாணுவுக்குச் சோறு இறங்கவில்லை.

மூணு பேரும் உருப்போட்டுப் பரீட்சை எழுதினார்கள். தாணுவுக்கு நெட்வொர்க், கோலப்பனுக்கு டேட்டாபேஸ், ஜெபசிங்குக்கு செக்யூரிட்டி. சர்டிபிகேட்டுகளை லேமினேட் செய்து சுவரில் மாட்டினார்கள்.

"இனிமே சர்டிபிகேட் இல்லாத கை இந்த ஆபீஸ்ல எதையும் தொடக்கூடாது!" என்றார் ஞானசிகாமணி.

அன்றோடு ஃபேன் நின்றது. சுவிட்ச் போடும் தகுதி யாருக்கும் இல்லையே! ஏசி மட்டும் இடைவிடாமல் ஓடியது, அதை நிறுத்தவும் ஆளில்லை. திங்கட்கிழமை பத்தரைக்கு அது சர்வர் தலைமேல் ஒழுக ஆரம்பித்தது.

"லேய், தண்ணி எந்த டிபார்ட்மென்ட்?" என்றான் கோலப்பன்.

"அனுமதி இல்லாம உள்ள வருது. செக்யூரிட்டிதான்" என்றான் தாணு.

"என் பாடத்துல தண்ணியே வரல மக்கா" என்றான் ஜெபசிங்.

கூட்டிப் பெருக்கும் பொன்னுக்கிளியக்கா பக்கெட்டோடு ஓடி வந்தாள். மூணு பேரும் கையை விரித்து மறித்தார்கள்.

"அக்கா, பக்கெட்டுக்குச் சர்டிபிகேட் உண்டா?"

"பதினாறு வருஷமா தூக்குதேன், போங்கல அங்கிட்டு!"

"அனுபவம் சரி. பரீட்சை எழுதணும்லா? முதல் கேள்வி. பக்கெட்டின் வாய் எந்தப் பக்கம் இருக்கணும்? மேல, கீழ, வலது, இடது."

"உங்க தலையில!"

"தப்பு" என்று கோலப்பன் குறித்துக்கொண்டான். "ரிசல்ட் வர மூணு வேலை நாள் ஆகும்."

தாணுவுக்கு அழுகையே வந்துவிட்டது. "என் கல்யாணம் நனையுதுடே!"

சத்தம் கேட்டு வந்த ஞானசிகாமணி தலையில் அடித்துக்கொண்டார். "அட அறிவுகெட்ட மூதிகளா! அவ்வளவு பாடுபட்டு வாங்கின சர்டிபிகேட்டை இப்பவாவது பயன்படுத்துங்கடா!"

மூணு பேரும் பாய்ந்து சுவரிலிருந்து சர்டிபிகேட்டுகளைக் கழற்றி, சர்வர்மேல் கூரை வேய்ந்தார்கள். லேமினேஷன்மேல் தண்ணீர் வழுக்கி ஓடிப் பொன்னுக்கிளியின் பக்கெட்டில் விழுந்தது.

பதினொரு மணிக்கு மில் மேனேஜர் வந்து பார்த்தார். சர்வர் ஓடிக்கொண்டிருந்தது. "நான் ஆளுங்களுக்குத்தான் கேட்டேன். நீங்க மெஷினுக்கே வாங்கிட்டீங்களே!" என்று சொக்கிப்போய்க் கையெழுத்துப் போட்டார்.

அடுத்த வாரமே கல்யாணம். கெட்டிமேளம் கொட்ட, தாலியைப் பிடித்த தாணுவின் கை அப்படியே நின்றது.

"லேய் ஜெபசிங், முடிச்சுப் போட எனக்குச் சர்டிபிகேட் இல்லையே!"

மேளக்காரருக்கு மூச்சு வாங்கியது. மாமனார் வேட்டியை மடித்துக் கட்டினார். மூணு பேரும் மணமேடையிலேயே கூடிக் கூடிப் பேசினார்கள்.

பொன்னுக்கிளியக்கா கூட்டத்தை விலக்கிக்கொண்டு மேடையேறினாள். "நான் பரீட்சை வைக்கேன். தாலியை என்ன செய்யணும்? கட்டணும், கட்டணும், கட்டணும், இல்லன்னா செருப்படி. பதிலை வாயால சொல்லாண்டாம், செய்து காட்டுல!"

தாணு மளமளவென்று மூணு முடிச்சும் போட்டான். மாமனார் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அக்கா, ரிசல்ட் எப்போ?" என்றான் தாணு.

"ம்ம்... மூணு வேலை நாள் ஆகும்" என்றாள் அவள், பழைய கோபத்தில்.

அன்று வெள்ளிக்கிழமை. நடுவில் சனி, ஞாயிறு வேறு. புதன்கிழமை வரை மாப்பிள்ளை மாமனார் வீட்டுப் படியேறாமல் வாசலிலேயே உட்கார்ந்திருந்தார்.