வேலை நிறைந்திருக்கிறது

பொன்னாங்கோட்டை அரண்மனையில் ஒரு வேலை காலியானது. காலி என்று சொல்லக்கூடாது, குற்றம். அதனால் "சபையில் சேதி சொல்லும் வேலை நிறைந்திருக்கிறது" என்று முரசறைந்தார்கள். நிறைந்த வேலைக்கு எவன் வருவான்? ஊரில் பாதிப்பேர் திரும்பிப் படுத்துக்கொண்டார்கள்.

எல்லாம் ராஜா விசயகண்டரின் ஏற்பாடு. அமங்கலச் சொல் காதில் விழுந்தால் ஆயுள் குறையும் என்று ஒரு ஜோசியன் ஓதிவிட்டுத் தட்சிணையோடு நடையைக் கட்டியிருந்தான். அன்றிலிருந்து சபையில் 'இல்லை' கூடாது, 'போ' கூடாது, 'காலி' கூடாது. சொன்னவன் முதுகுக்குச் சாட்டை. "என் வாயில் வந்தால் கிரீடத்தைக் கழற்றி வைக்கிறேன்" என்று ராஜாவே சத்தியம் செய்திருந்தார். பழைய சேதிக்காரன் ஒருநாள் "விளக்கில் எண்ணெய் இல்லை" என்றான். வேலை நிறைந்துவிட்டது.

அரண்மனைக் கிறுக்கு அடுப்படிக்கு வர எத்தனை நாளாகும்? வேம்பனின் மாமியார் வடிவாம்பாளும் பானை காலியானால் "சோறு நிறைஞ்சிருக்கு மாப்பிள்ளை" என்பாள். வேம்பன் வீட்டோடு மாப்பிள்ளை. அவன் சாப்பிட உட்காரும்போது மட்டும் பானை தவறாமல் நிறைந்திருக்கும். அதனால் முரசின் பொருள் ஊரில் முதலில் விளங்கியது அவனுக்குத்தான்.

கிளம்பும்போது மாமனார் மருதப்பர் வாசலில் நின்றார்.

"வேலையோட வந்தா உள்ளே வாங்க மாப்பிள்ளை. வெறுங்கையோட வந்தா என் மக உள்ளே, நீங்க வெளியே. அவ்வளவுதான்."

வேம்பன் இருந்த ஒரே வேட்டியைத் துவைத்து, பாதி ஈரத்தோடு கட்டிக்கொண்டு நடந்தான். அவன் செய்த தயாரிப்பு அது.

அமைச்சர் அம்பலத்தாடியின் மைத்துனன் மாணிக்கவல்லபனோ ஒரு மாதமாகத் தயாராகியிருந்தான். வாத்தியார் வைத்துப் பயிற்சி. வலது காலை வைத்து நுழையணும். முதுகு வளையணும், பட்டு வேட்டி அவிழக்கூடாது. தெரியாத கேள்விக்குப் புன்னகைக்கணும். தெரிந்த கேள்வி அவனுக்கு ஒன்றுதான். அதனால் புன்னகை முகத்திலேயே குடியிருந்தது.

அந்த ஒரு கேள்வியை அமைச்சரே கேட்டார்.

"ஆறு வற்றிவிட்டால் மன்னரிடம் எப்படிச் சொல்வாய்?"

"ஆறு ஓய்வெடுக்கிறது, மன்னா."

"ஆகா" என்றார் ராஜா. வேலை அவனுக்கே முடிவான மாதிரிதான். ஆனாலும் முறை என்று ஒன்று இருக்கிறதே. அடுத்தவனைக் கூப்பிட்டார்கள். வேம்பன் வந்து கும்பிட்டான். வேட்டி சொட்டியது.

"எதற்காக இந்த வேலைக்கு வந்தாய்?" என்றார் ராஜா.

"பசிக்கிறது, மன்னா."

அமைச்சர் முகத்தைச் சுளித்தார். "நாட்டுக்குத் தொண்டு செய்ய என்று சொல்லவேண்டும்."

"தொண்டு செய்யவும் வயிறு கேட்கிறதே, ஐயா."

"சரி, சேதி சொல் பார்ப்போம்" என்றார் ராஜா. "நம் களஞ்சியம் எப்படி?"

"நிறைந்திருக்கிறது, மன்னா. எலியால்."

"கோட்டை மதில்?"

"விருந்தோம்பலில் சிறந்தது. எந்தப் பக்கமும் உள்ளே வரலாம்."

ராஜாவின் முகம் சிவந்தது. அமைச்சர் காதோரம் குனிந்தார். "திமிர் பிடித்தவன், மன்னா. முடிவைச் சொல்லி அனுப்பிவிடுங்கள்."

வேம்பன் கைகட்டிக் கேட்டான். "எனக்கு வேலை உண்டா, மன்னா?"

ராஜா வாயைத் திறந்தார். 'இல்' வரை வந்தது. கை தானாகப் போய்க் கிரீடத்தைப் பிடித்துக்கொண்டது. வந்ததை விழுங்கினார். அப்புறம் ஒரு வழி தெரிந்தது. விடை கொடுக்கும்போது நம்மில் எவன் போ என்கிறான்? வா என்றுதானே சொல்கிறோம். கையை வாசல் பக்கம் நீட்டினார்.

"சரி, வா."

வேம்பன் சிம்மாசனத்தை நோக்கி ஓர் அடி வைத்தான்.

"அட, வா என்றேன்."

"வருகிறேன், மன்னா." இன்னோர் அடி.

"வாப்பா. நல்லபடியாக வா."

"தங்கள் ஆசி." படியேறிவிட்டான். ராஜா காலை மடக்கிக்கொண்டார். வேட்டித் தண்ணீர் கம்பளத்தில் சொட்டியது.

அமைச்சருக்குப் பொறுக்கவில்லை. "டேய், உனக்கு வேலை இல்லை. வெளியே போடா" என்று கத்திவிட்டார்.

தூணோரம் தூங்கிக்கொண்டிருந்த சாட்டைக்காரன் விழித்துக் கையைத் தேய்த்துக்கொண்டான். அமைச்சர் மைத்துனனைப் பார்த்தார். மாணிக்கவல்லபன் புன்னகைத்தான். பயிற்சி அப்படி.

காவலர்கள் அமைச்சரைச் சாட்டையடிக்குக் கூட்டிக்கொண்டு வெளியேறினார்கள். ராஜா குரலைத் தாழ்த்தினார்.

"என்ன செய்தால் இங்கிருந்து நகர்வாய்?"

"வேலை கொடுங்கள், மன்னா. வேலைக்காரன் பொழுது சாய்ந்தால் தானாக வீடு திரும்புவான். வேலை கேட்டு வந்தவனை நகர்த்துவதுதான் கஷ்டம்."

ராஜா கிரீடம் சரியச் சிரித்தார். "இன்று முதல் நீதான் சேதிக்காரன். பொக்கிஷக்காரரே, இவனுக்கு ஒரு முடிப்புப் பொன் கொடும்."

பொக்கிஷக்காரர் தரையைப் பார்த்துக்கொண்டு கும்பிட்டார்.

"பொக்கிஷம் நிறைந்திருக்கிறது, மன்னா."

ராஜா பெருமையாகத் தலையசைத்தார். சபை கைதட்டியது. வேம்பன் மட்டும் மாமியார் வீட்டுப் பானையை நினைத்துக்கொண்டான்.

பொழுது சாய வீட்டுக்கு வந்தான். மருதப்பர் கதவை ஒருக்களித்துப் பிடித்திருந்தார்.

"என்ன மாப்பிள்ளை?"

"வேலை கிடைச்சிடுச்சு மாமா. நாளைக்கே வரச் சொல்லிட்டாங்க."

கதவு அகலத் திறந்தது. "சம்பளம்?"

வேம்பன் உத்திரத்தைப் பார்த்தான். "பொக்கிஷமே நிறைஞ்சிருக்காம் மாமா."

மருதப்பர் மீசையை முறுக்கினார். "கேட்டியா வடிவு? பொக்கிஷம் நிறைஞ்சிருக்காம். மாப்பிள்ளைக்கு இலையைப் போடு."

அடுப்படியில் கரண்டிச் சத்தம் நின்றது.

"கேட்டுச்சு, கேட்டுச்சு" என்றாள் வடிவாம்பாள். "உட்காரச் சொல்லுங்க. சோறும் அதே மாதிரி நிறைஞ்சிருக்கு."