‘அப்புறம்?’ என்று கேட்காத ராஜா

வீரகண்ட ராஜாவுக்குத் தன் வீரத்தைப் பற்றி ஒரு கட்டுரை வேண்டுமாம். “தொடக்கத்தை மட்டும் வாசி. நான் ‘அப்புறம்?’ என்று கேட்டால் பிழைத்தாய், கேட்காவிட்டால் தலை போகும்” என்பார். கேட்பதில்லை என்று முடிவு கட்டிவிட்டுத்தான் உட்காருவார். ‘சூரியனை நிகர்த்த எங்கள் மன்னர்’ என்று தொடங்கிய புலவர் எவரும் வீடு திரும்பவில்லை.

அன்று, ஊராருக்கு ஓலை எழுதிக்கொடுத்துப் பிழைக்கும் சடையனை இழுத்து வந்தார்கள். முதுகுக்குப் பின்னால் ஒருவன் வாளோடு நின்றான். சடையன் தான் எழுதிய ஓலையைப் பிரித்தான். வாசித்தான்:

“சிம்மாசனத்துக்கு அடியில் ஒரே இருட்டு. அந்த இருட்டுக்குள் ஈரச் சாக்கை இழுப்பதுபோல் ஒரு சத்தம். தாழம்பூ வாசம் குப்பென்று வந்தது. வழவழவென்று, சில்லென்று ஏதோ ஒன்று ராஜாவின் குதிகாலைத் தொட்டது. மெல்லக் கணுக்காலைச் சுற்றியது...”

அதோடு நிறுத்திவிட்டான். ராஜா பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார்.

“நான் கேட்கவில்லை! வெட்டுடா இவனை!”

சடையன் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான். “மகாராஜா, வாய் கேட்கவில்லைதான். கால் கேட்டுவிட்டதே!”

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். வீரகண்ட ராஜா இரண்டு காலையும் சிம்மாசனத்தின் மேல் தூக்கி வைத்துக் குந்தியிருந்தார்.

முதலில் சிரித்தவன் வாளோடு நின்றவன்தான்.