விட மனம் வராத கணக்கு

ஈரோட்டில் எம்.பி.ஏ. நுழைவுத் தேர்வுக்குப் பயிற்சி தரும் ஒரு மாடி வகுப்பு. ஆசிரியை மெஹருன்னிசாவுக்கு இருபத்தாறு வயது. மாணவர் பூபதிக்கு முப்பத்தைந்து. இருந்தும் அவரை 'மேடம்' என்றுதான் கூப்பிடுவார். படிக்க வந்த இடத்துக்கு வயதைத் தூக்கிக்கொண்டு வரக் கூடாது என்பது பூபதியின் கட்சி.

பெட்ஷீட் கம்பெனியில் அவர் வேலை பழக்கிவிட்ட இரண்டு பேர் இப்போது அவருக்கே மேனேஜர்கள். அவர்களிடம் எம்.பி.ஏ. இருந்தது. இந்த முறையும் கல்லூரியில் இடம் கிடைக்காவிட்டால் இனி எழுதுவதில்லை என்று வீட்டில் சொல்லிவிட்டார். மாதிரித் தேர்வு மதிப்பெண்ணோ செக்குமாடு மாதிரி அதே இடத்தையே சுற்றிக்கொண்டிருந்தது. மனிதரைப் பார்க்கவே பாவமாக இருந்தது.

"இன்னும் என்னதானுங்க மேடம் படிக்கோணும்? எல்லாப் புஸ்தகத்தையும் முடிச்சாச்சு. மார்க் மட்டும் ஏறவே மாட்டீங்குது."

மெஹருன்னிசா கம்ப்யூட்டரில் எதையோ பார்த்தார். எழுந்து போய்ப் பலகையில் மூன்று கணக்குகளை எழுதினார்.

"இதைப் போடுங்க சார்."

பூபதி முதல் கணக்கை நின்ற வாக்கிலேயே முடித்தார். இரண்டாவதற்கு எழுதிப் பார்க்கக்கூட வேண்டியிருக்கவில்லை. மூன்றாவதில் சிரித்தேவிட்டார்.

"இதெல்லாம் அல்வா சாப்பிடற மாதிரிங்க. பரீட்சையில இப்படி வந்தா நான் எப்பவோ காலேஜுல சேர்ந்திருப்பனே."

"வந்துச்சுங்க சார். நேத்து நீங்க எழுதின மாதிரித் தேர்வுலதான். கடைசி மூணு கேள்வி."

பூபதி பலகையை மறுபடி பார்த்தார்.

"நான் இதைப் பார்க்கவே இல்லீங்களே."

"கடைசி நேரத்துல எந்தக் கணக்குல இருந்தீங்க?"

அவர் கொஞ்சம் யோசித்துத்தான் சொன்னார்.

"வட்டத்துக்குள்ள முக்கோணம் ஒண்ணு வந்துச்சுங்களே, அதுல இருந்தனுங்க. பாதி போட்டுட்டேன். அவ்வளவு தூரம் போட்டுட்டு எப்படீங்க விடறது? இதோ வந்துரும், இதோ வந்துரும்னு... கடைசியில வந்துருச்சு. சரியான விடைதானுங்க மேடம்."

கடைசி வாக்கியத்தில் மட்டும் கொஞ்சம் பெருமை இருந்தது.

"பார்த்தேன் சார். கஷ்டமான கணக்கு அது. எனக்கே சட்டுன்னு வராது."

"அப்புறம் ஏனுங்க மார்க் ஏறல?"

மெஹருன்னிசா பலகையைத் துடைக்கப் போனார். துடைக்காமல் டஸ்டரைக் கீழே வைத்தார்.

"இந்த மூணும் உங்களுக்காகத்தான் சார் காத்துட்டு இருந்துச்சு, நேரம் முடியற வரைக்கும். நீங்கதான் வரல."