தானாக நடக்கட்டும்

“எல்லாம் தானா நடக்கணும், டீச்சர். நான் கையே வைக்கக் கூடாது,” என்றார் வேதமுத்து.

பழைய கம்ப்யூட்டர் ஒன்றில் இன்னொரு நெட்வொர்க் கார்டு மாட்டி, வீட்டுக்கான ரவுட்டரை அவரே கட்டியிருந்தார். ஒரு கார்டு வெளி இணையத்துக்கு, மற்றது வீட்டுக்கு. வீட்டு இணையம் முழுக்க அந்தப் பெட்டி வழியாகத்தான் போய்வந்தது.

மாடியில் அவர் மனைவி டாக்டர் ஸ்டெல்லா வேலையில் இருந்தார். மலையடிவார மருத்துவமனை ஒன்று அனுப்பும் ஸ்கேன் படங்களைப் பார்த்து, என்ன நோய் என்று சொல்லும் வேலை.

மெஹருன்னிசா நாகர்கோவிலில் நெட்வொர்க் சொல்லிக்கொடுப்பவர். தன் மாணவர் வேதமுத்துவைவிட வயதில் இளையவர்; பெட்டியைப் பார்க்க இன்று அவர் வீட்டுக்கு வந்திருந்தார்.

புதிய மென்பொருள் வந்தால் பெட்டி தானே இறக்கி, தானே பதித்து, தானே மறுபடி கிளம்ப வேண்டும். அதற்கு வேதமுத்து வரிசையான கட்டளைகளாக ஒரு ஸ்கிரிப்ட் எழுதியிருந்தார். மெஹருன்னிசா அதைக் கடைசி வரி வரை படித்தார்.

“தப்பு இருக்கா, டீச்சர்?”

“என் கண்ணுக்குத் தெரியல.”

“அப்ப ஞாயித்துக்கிழமை விடியக்காலைக்கு வச்சிரட்டுமா? எல்லாரும் தூங்கிட்டு இருப்போம்.”

“இப்பவே ஓட்டுங்கண்ணே.”

“இப்பவா?”

“டாக்டரம்மாகிட்ட கேட்டுட்டு.”

கேட்டார். “இப்போதைக்குக் கேஸ் எதுவும் இல்ல. சீக்கிரம் முடிங்க,” என்று மாடியிலிருந்து குரல் வந்தது.

ஓட்டினார்.

பெட்டி அணைந்தது. மின்விசிறி மறுபடி இரைந்தது. ஆனால் இணையம் வரவில்லை.

காத்திருந்தார்கள். வரவில்லை.

மாடியில் போன் அடித்தது. பேசிவிட்டு ஓடிவந்து ஸ்டெல்லா படிக்கட்டில் நின்றார்.

“பக்கவாதம். சின்ன வயசு, பிள்ளைத்தாய்ச்சி. படம் அனுப்பிட்டாங்க, எனக்கு வரல. என்ன பண்ணி வச்சிருக்கீங்க?”

“போன்ல பாக்க முடியாதா?”

“இங்க பேசத்தானே சிக்னல் இருக்கு! அவ்வளவு பெரிய படம் எப்படி இறங்கும்? மூளையில ரத்தக்கசிவு இல்லன்னு நான் சொன்னாத்தான் அவங்க மருந்து போடுவாங்க. நேரம் போகுதுங்க!”

வேதமுத்து திரும்பினார்.

“டீச்சர், என்ன செய்ய?”

“பெட்டி என்ன சொல்லுதுன்னு பாருங்க.”

அறைக்குள் ஓடி ஒரு மானிட்டரைத் தூக்கி வந்து மாட்டினார். திரையில் பிழை என்று எதுவும் இல்லை. எல்லாம் சரியாகப் பதிந்திருந்தது. அதுதான் அவரை இன்னும் பயமுறுத்தியது.

மேலிருந்து கீழே படித்தார். மறுபடி படித்தார்.

புதிய மென்பொருள் இரண்டு கார்டுகளையும் வரிசை மாற்றி எண்ணியிருந்தது. வெளியே பேச வேண்டியது வீட்டுப் பக்கம் பேசிக்கொண்டிருந்தது. வீட்டுக்குள் பேச வேண்டியது வெளியே.

பெட்டியின் பின்னால் குனிந்தார். இரண்டு கேபிள்களையும் பிடுங்கினார். அவசரத்தில் ஒன்று கீழே விழுந்தது. எடுத்து, இடம் மாற்றிச் செருகினார்.

பச்சை விளக்கு ஒருமுறை சிமிட்டியது. பிறகு விடாமல் சிமிட்டியது.

ஸ்டெல்லா மாடிக்கு ஓடினார்.



“ரத்தக்கசிவு இல்ல!” மாடியில் அவர் குரல் கேட்டது. “இடது பக்கம் அடைப்புதான். மருந்தைப் போடுங்க. ஆமா, இப்பவே!”

வேதமுத்து தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. கொஞ்ச நேரம் கழித்துத் தலை நிமிர்ந்தபோது அவர் முகத்தில் கோபம் இருந்தது.

“இப்படி ஆகும்னு உங்களுக்கு முன்னாடியே தெரியும். எனக்குப் பாடம் நடத்த ஒரு உசுரோட விளையாடினீங்களா?”

மெஹருன்னிசா துப்பட்டா நுனியால் நெற்றியைத் துடைத்தார். அவருக்கும் வேர்த்திருந்ததை வேதமுத்து அப்போதுதான் பார்த்தார்.

“தெரியாதுண்ணே,” என்றார் அவர். “என்ன ஆகும்னு தெரிஞ்சிருந்தா, நீங்க தூங்கும்போதே ஓடட்டும்னு விட்டிருப்பேன். தெரியாததாலதான் நாம முழிச்சிருக்கும்போதே ஓட்டச் சொன்னேன்.”