பதினேழு அலை

"எத்தனை விநாடின்னு மட்டும் சொல்லுங்க மிஸ். நான் பார்த்துக்கிறேன்," என்றார் அருமைநாயகம்.

தூத்துக்குடியில் முப்பது வருஷம் முதலுதவி வகுப்பு எடுத்தவர். அறுபத்தொரு வயதில் பியானோ பழக வந்திருந்தார். ஆசிரியை ரெனிட்டாவுக்கு இருபத்தாறு.

அவர் பழகிக்கொண்டிருந்தது இருநூறு வருஷத்துக்கு முந்தைய ஐரோப்பிய இசை. ரொமான்டிக் காலம் என்பார்கள். வாசிக்கும் தாளில் ஓரிடத்தில், 'மனம்போல் நின்று செல்க' என்றிருந்தது.

அந்த இடத்தில்தான், எவ்வளவு நேரம் நிற்பது என்று தெரியாமல், மூன்று வாரமாக முட்டிக்கொண்டிருந்தார்.

ரெனிட்டா கடலை மிட்டாயைக் கடித்தபடி சுவரைக் காட்டினாள். அதே காலத்து ஓவியம் ஒன்றின் நகல். நடுக்கடல், புயல், தத்தளிக்கும் ஒரு பாய்மரக் கப்பல்.

"இதைப் பாருங்க சார்."

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார்.

"பார்த்துட்டேன் மிஸ். பதினேழு அலை."

ரெனிட்டாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. பாதிச் சிரிப்பில் சத்தம் நின்றது. கை தொண்டைக்குப் போனது.

"இருமுங்க!"

இருமல் வரவில்லை. மூச்சும் வரவில்லை.

அவளை முன்னால் குனிய வைத்தார். ஒரு கையால் நெஞ்சைத் தாங்கிக்கொண்டு, மறு உள்ளங்கையின் அடிப்பகுதியால் தோள்பட்டைகளுக்கு நடுவே ஓங்கி அடித்தார். முகத்தைப் பார்த்தார். உதடு நீலம் பாரித்திருந்தது. அடித்தார். பார்த்தார். மறுபடி அடித்தார்.

மிட்டாய்த் துண்டு தெறித்துப் பியானோ கட்டைமேல் விழுந்தது.

மூச்சு சீறிக்கொண்டு உள்ளே போனது. அவள் இருமினாள், அழுதாள், பிறகு மீதிச் சிரிப்பையும் சிரித்து முடித்தாள். அவர்தான் பொத்தென்று உட்கார்ந்துவிட்டார்.

"எத்தனை அடி சார் அடிச்சீங்க?"

"வகுப்புல அஞ்சு வரைக்கும்னு சொல்லித் தருவேன்..."

"அது வகுப்புல. இப்ப?"

அவர் விரல்விட்டு எண்ணிப் பார்த்தார்.

"தெரியலையே மிஸ். ஒவ்வொரு அடிக்கும் உங்க முகத்தைத்தான் பார்த்துட்டிருந்தேன். மூச்சு வந்துச்சு, நிறுத்திட்டேன்."

ரெனிட்டா துப்பட்டா நுனியால் கட்டைகளைத் துடைத்துவிட்டு, நகர்ந்து நின்றாள்.

அவர் அவளைப் பார்த்தார். கட்டைகளைப் பார்த்தார். வாசிக்கத் தொடங்கினார்.

அந்த இடம் வந்தது.

விரலை எடுக்காமல் நின்றார். ஒலி மெலிந்தது, இன்னும் மெலிந்தது.

'பிரமாதம்' என்று சொல்ல ரெனிட்டா வாயைத் திறந்தாள்.

"உஷ்..." என்றார் அருமைநாயகம். "இன்னும் உயிர் இருக்கு மிஸ்."