தங்கையாவின் முழுக்கு

எபநேசருக்கு வேதத்தில் எத்தனையோ சந்தேகங்கள் உண்டு. ஞானஸ்நானத்தில் மட்டும் ஒரு சந்தேகமும் கிடையாது.

நில அளவைத் துறை வேலையை விட்டுவிட்டு, நாற்பது வயதுக்கு மேல் போதகர் மாசிலாமணியிடம் ஊழியம் பழக வந்தவர் அவர். தாமிரபரணிக் கரையில் தகரக்கூரை போட்ட சின்னச் சபை அது. ஞானஸ்நானம் என்றால் அங்கே ஆற்றில் முழுக்கு. முழுக்கு எடுத்தவர்களுக்கு மட்டுமே திருவிருந்தின் அப்பம். யாரும் எழுதி ஒட்டியதில்லை. ஆனாலும் எல்லோருக்கும் தெரியும்.

தங்கையா அந்தச் சபைக்கு மருமகனாக வந்தவர். பஸ் கண்டக்டர். கைக்குழந்தையாக இருந்தபோது அவருடைய அம்மா தன் ஊர்க் கோயிலுக்கு ஏந்திப்போய், பாதிரி ஐயர் கையால் நெற்றியில் தண்ணீர் தெளித்து ஞானஸ்நானம் வாங்கியிருந்தாள். சபை அதை ஒத்துக்கொள்ளவில்லை. தங்கையாவும் இன்னொரு தடவை எடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார்.

"எங்கம்மா என்னை ஏந்திட்டுப் போனது சும்மாவா?" என்பார்.

அதனால் கல்யாணமான நாளிலிருந்து அவருக்குக் கடைசி வரிசைதான். அப்பத்தட்டு அவரைத் தாண்டிப் போகும். பெண்கள் பக்கம் அவர் மனைவி ரூபி தன் அப்பத்துண்டை வாயில் போட்டுக்கொண்டு தலையைக் குனிந்துகொள்வாள்.

பிறகு அவருக்குத் தொண்டையில் புற்றுநோய் வந்தது. குரல்வளையை எடுத்துவிட்டார்கள். கழுத்துக்குழியில் ஒரு துளை. மூச்செல்லாம் அதன் வழியாகத்தான். உள்ளே பேசுவதற்கென்று ஒரு சின்ன வால்வு வைத்திருந்தார்கள். பேச வேண்டுமானால் அந்தத் துளையை விரலால் மூட வேண்டும். அப்போது கரகரவென்று ஒரு குரல் வரும்.

அந்தக் குரலில்தான் அவர் போதகரிடம் கேட்டார்: "ஞானஸ்நானம் குடுங்கய்யா."

தங்கையா போனதும் எபநேசர் சொன்னார்: "அவரை எப்படிய்யா முக்க முடியும்? துளையில தண்ணி போனா ஆள் போயிருவாரு."

"ஆமா."

"தெளிச்சு விடவும் முடியாது. ஞானஸ்நானம்னா பழைய மனுசனைத் தண்ணியில அடக்கம் பண்றதுன்னு நீங்கதான் சொல்லிக் குடுத்தீங்க. தலையில ஒரு பிடி மண்ணைத் தூவிட்டு அடக்கம் பண்ணியாச்சுன்னு சொல்ல முடியுமா?"

"நான்தான் சொன்னேன்."

"அப்ப அவரு இப்படியே இருந்துக்கிடட்டும். ஆண்டவருக்கு அவரு மனசு தெரியும்."

"நல்ல பதில்" என்றார் போதகர். "போய் அவர்கிட்ட சொல்லிட்டு வாங்க."

எபநேசர் போனார். தங்கையா வாசலில் காய்ந்த சேலைகளை மடித்துக்கொண்டிருந்தார். ரூபி நாற்காலி கொண்டுவந்து போட்டாள். எபநேசர் சுற்றி வளைத்து எதையெதையோ பேசினார். கடைசியில் கேட்டார்: "இத்தனை வருஷம் வேண்டாம்னீங்க. இப்ப ஏன்?"

தங்கையா கழுத்தில் விரலை வைத்தார்.

"ஆஸ்பத்திரியில எனக்குக் கஞ்சி இறங்குற வரைக்கும் இவ சாப்பிடல. இவ சாப்பிடுற இடத்துல நானும் சாப்பிடணும்."

"உங்க அம்மா?"

"அன்னைக்கு ஏந்திட்டுப் போனா. இன்னைக்கு நடந்து வாரேன். கோவிச்சுக்கிட மாட்டா."

எபநேசர் மெல்ல விஷயத்துக்கு வந்தார். முங்க முடியாது, முங்காமலும் முடியாது என்றார். தங்கையா கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு மறுபடி விரலை வைத்தார்.

"முங்கிருதேன் ஐயா. ஒரு நிமிசந்தானே. வாரது வரட்டும்."

ரூபியின் கையிலிருந்த செம்பு சாய்ந்து தண்ணீர் கொட்டியது. அவள் அதைப் பார்க்கவே இல்லை.

எபநேசர் நேரே போதகரிடம் திரும்பி வந்தார்.

"முங்குறேன்ங்கறாருய்யா."

"சரி. இப்ப என்ன சொல்றீங்க?"

"முக்கக் கூடாது."

"முக்கலேன்னா?"

"அப்பம் குடுக்கக் கூடாது."

போதகர் "ஞாயித்துக்கிழமை காலையில ஆத்துக்கு வந்திருங்க. மாத்துவேட்டி எடுத்துக்கங்க" என்றார்.

ஞாயிறு காலை ஆற்றில் இழுப்பு இருந்தது. தங்கையாவை நடுவில் விட்டு இருவரும் இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கினார்கள். கரையில் ரூபி துண்டோடு நின்றாள்.

"எபநேசர், உங்க கையால அந்தத் துளையை மறைங்க" என்றார் போதகர். "அழுத்திராதீங்க, மூச்சு முட்டும். விலக்கிராதீங்க, தண்ணி போகும்."

எபநேசர் கையைக் குவித்து வைத்தார். உள்ளங்கையில் சூடாகக் காற்று பட்டது, போனது, மறுபடி பட்டது. அதற்குள் தங்கையாவின் காலடியில் ஒரு கல் புரண்டது. அவர் சறுக்கினார். தண்ணீர் சட்டென்று மார்புக்கு ஏறியது. எபநேசர் தோளைக் கொடுத்து அவரை மேலே தூக்கினார். கழுத்திலிருந்த கையை எடுக்கவில்லை. ரூபி கரையில் கத்தியது அவர் காதில் விழவில்லை. உள்ளங்கையில் அந்தக் காற்று மறுபடி படுகிறதா என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தார்.

பட்டது.

தங்கையா இருவர் தோளையும் இறுகப் பற்றிக்கொண்டார். அப்புறம் விடவே இல்லை.

"தங்கையா, இயேசு கிறிஸ்துவை விசுவாசிக்கிறீங்களா?"

தங்கையாவின் உதடுகள் அசைந்தன. சத்தம் வரவில்லை. இரண்டு கைகளும் தோள்களில் இருந்தன. அவர் எபநேசரைப் பார்த்தார்.

எபநேசருக்குப் புரிந்தது. விரலைத் துளையின்மேல் வைத்து மூடினார்.

"விசுவாசிக்கேன்" என்றது குரல்.

எபநேசர் விரலை எடுத்துவிட்டுக் கையை மறுபடி குவித்தார். போதகர் இரண்டு கையாலும் ஆற்றை அள்ளி, பிதா, குமாரன், பரிசுத்த ஆவியின் நாமத்தில் தங்கையாவின் தலையில் ஊற்றினார். தண்ணீர் முகத்திலும் முதுகிலும் எபநேசரின் புறங்கையிலும் வழிந்து ஓடியது. துளைக்குள் ஒரு சொட்டும் போகவில்லை.

அன்றைய ஆராதனையில் அப்பத்தட்டை எடுத்துக்கொண்டு போனவர் எபநேசர்தான். கடைசி வரிசைக்கு வந்ததும் நின்றார். போதகரைத் திரும்பிப் பார்த்தார். போதகர் கண்ணை மூடி ஜெபத்தில் இருந்தார். சபை முழுவதும் எபநேசரையே பார்த்தது.

அவர் தட்டை நீட்டினார்.

தங்கையா ஒரு துண்டு எடுத்தார். எதிர்ப்பக்கம் ரூபி தன் அப்பத்துண்டைக் கையிலேயே வைத்துக்கொண்டு காத்திருந்தாள். இருவரும் ஒன்றாகச் சாப்பிட்டார்கள். இந்தத் தடவை அவள் தலையைக் குனியவில்லை.

எல்லோரும் போன பிறகு எபநேசர் போதகரிடம் வந்தார்.

"ஐயா, சபை மூப்பர்கள் என்னைக் கேப்பாங்க. தங்கையா முழுக்கு எடுத்தாரா, எடுக்கலையா? நான் என்ன சொல்ல?"

ஈர வேட்டியைக் கொடியில் விரித்துக்கொண்டிருந்த போதகர் திரும்பினார்.

"அந்த மனுசன் மூச்சும் உங்க கையில இருந்தது, பேச்சும் உங்க கையில இருந்தது. என்கிட்ட வந்து கேக்கறீங்களே, எபநேசர்."